அன்னமும் நெய்யரியும்: பள்ளிகளில் இணையக் கட்டுப்பாடும் ஆசிரியர் கடமையும்

முன்னுரை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பவற்றைப் பாயிரத்திலேயே வரையறுத்துவிடுகிறது. மாணாக்கரை அந்நூல் மூவகைப்படுத்தும். முதல் மாணாக்கருக்கு அன்னமும் பசுவும் உவமை. இடை மாணாக்கருக்கு மண்ணும் கிளியும் உவமை. கடை மாணாக்கருக்கோ ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமை.

அன்னம் பாலோடு கலந்த நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் என்பது கவிமரபு. நெய்யரி என்பது நெய்யை வடிக்கும் பன்னாடை. அது நெய்யைக் கீழே ஒழுக விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். அன்னமும் பிரிக்கிறது, நெய்யரியும் பிரிக்கிறது. அன்னம் தான் கொள்வது இன்னதென்று அறிந்து பிரிக்கிறது. நெய்யரி தன் கண்ணின் அளவுக்கு ஏற்பப் பிரிக்கிறது. அதற்கு அறிவு இல்லை.

அடுக்களையில் நெய்யரி தேவையான கருவியே. அதனை எவரும் வேண்டா என்று எறிவதில்லை. ஆயினும் மாணாக்கன் நெய்யரியாகிவிடக் கூடாது என்பது நன்னூலார் கருத்து. இன்று பள்ளிக் கணிப்பொறிகளில் பொருத்தப்படும் இணைய வடிகட்டி, கைபேசித் தடை, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றை எடைபோடுவதற்கு இவ்வுவமை பெரிதும் துணைசெய்யும். தடை எவ்வளவு இருக்கலாம், அதன் திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டும், தடையால் இழப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. கருவியும் ஆசிரியரும்: புன்னக்காயல் காட்டும் சான்று

கல்விக்குப் புதிய கருவி வருவது நம் மண்ணுக்குப் புதிதன்று. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த புன்னக்காயல், தமிழ் அச்சு வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற ஊர். போர்ச்சுகல் நாட்டில் பிறந்து முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கசு, அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கடற்கரையில் வாழ்ந்து 1600-இல் மறைந்தார். அவர் எழுதிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. அது 16 பக்க அளவினதே. அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ 1586-இல் புன்னக்காயலில் அச்சிடப்பட்டது என்பர். இந்த அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தோர் இக்கரையின் பரதவ மக்களே.

இங்கே நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அடிகளார் முதலில் அச்சுப்பொறியை நாடவில்லை. ஊராரிடம் தமிழ் பயின்று, போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே எழுத்துகள் வார்க்கப்பட்டன. கருவிக்கு முன்பே ஆசிரியர் ஆயத்தமாகியிருந்தார். அவர் மறைந்தபின் புன்னக்காயலில் அச்சுப்பணி தொடரவில்லை. தமிழ் அச்சு மீண்டும் வேரூன்ற, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வரும்வரை நாடு காத்திருக்க நேர்ந்தது. பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாதபோது பொறி வெறும் இரும்பாகிவிடுகிறது.

புன்னக்காயலுக்குத் தெற்கே அண்மையில் உள்ள காயல்பட்டினத்திலும் இதனையொத்த முயற்சி வேறு வகையில் நடந்தது. தமிழ் முசுலிம் அறிஞர்கள் அரபு எழுத்துகளில் தமிழ் ஒலிகளுக்கு இல்லாத குறிகளைப் புதிதாகச் சேர்த்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை வளர்த்தனர். வந்த கருவியை அப்படியே ஏற்கவுமில்லை, அஞ்சி ஒதுக்கவுமில்லை. தம் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர்.

கருவிக்குப் பூட்டுப் போட்ட வரலாறும் நமக்கு உண்டு. கும்பெனி ஆட்சியில் அச்சகம் நடத்துதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடுகள் 1835-இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்தால் நீங்கின. அதன் பின்னரே தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. ஆறுமுக நாவலர் 1849-இல் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நிறுவினார். ஏடுகள் நூல்களாயின. அவ்வுரிமை கிட்டாமல் போயிருந்தால் இன்று நாம் பாடஞ்சொல்லும் சங்க இலக்கியங்களுள் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

2. நம் பள்ளிக்குள் இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15-ஆம் நாள் தொடங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரலாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகை ஒழுங்குக்கு வழிவகுத்தது. 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அது பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பெயர் மாறி, இன்று பல்லாயிரம் நூல்களை மின்னூலகத்தில் வைத்துள்ளது.

பள்ளியளவில் பார்த்தால், 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2017 செப்டம்பர் 5-இல் நடுவண் அரசின் ‘தீக்சா’ தளம் தொடங்கியது. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த தமிழகப் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைபேசியால் அக்குறியீட்டை நோக்கினால் பாடத்துக்குரிய ஒளிப்படக் காட்சி திறக்கும். 2019 ஆகத்து 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன.

இவற்றால் விளங்குவது யாதெனின், இணையம் இனிப் பாடநூலுக்குப் புறம்பான பொருள் அன்று. பாடநூலே அதனைச் சுட்டுகிறது. ஆகவே “பள்ளிக்குள் இணையமே கூடாது” என்று ஒரு நிருவாகம் முடிவு செய்தால், பாடநூலின் ஒரு பகுதியையே அது மூடிவைத்ததாகும்.

3. தடையின் மூவகை

பள்ளி, கல்லூரிகளைப் பாதிக்கும் இணையத் தடைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது பொறியின் தடை. இரண்டாவது நிருவாகத்தின் தடை. மூன்றாவது அரசின் தடை. ஒவ்வொன்றுக்கும் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே விளக்கம் காண்போம்.

(அ) பொறியின் தடை: அமெரிக்காவில் 2000 திசம்பரில் சிறார் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இணையக் கட்டணத்தில் அரசின் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும், சிறார்க்குக் கேடான படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பொருத்தவேண்டும் என்பது அதன் விதி. வயதுவந்தோர் மெய்யான ஆய்வின் பொருட்டு வேண்டினால் தடையை விலக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

இத்தகைய வடிகட்டிகளைக் கெய்சர் குடும்ப அறக்கட்டளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. வடிகட்டியை மிகத் தளர்வாக வைத்தபோது ஆபாசப் பக்கங்களில் 87 விழுக்காடு தடுக்கப்பட்டது. உடல்நலச் செய்திப் பக்கங்களில் 1.4 விழுக்காடு மட்டுமே தவறாகத் தடுக்கப்பட்டது. மிகக் கடுமையாக வைத்தபோது ஆபாசத் தடுப்பு 91 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உடல்நலப் பக்கங்களில் 24 விழுக்காடு அடைபட்டுப்போயிற்று. நான்கு விழுக்காட்டுக் காவலுக்காக, நல்ல செய்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழக்க நேர்ந்தது. கடுமை கூடக் கூடக் காவல் அதே அளவில் கூடும் என்னும் எண்ணம் பிழை என்பதை இக்கணக்கு மெய்ப்பிக்கிறது.

சொல்லை மட்டும் நோக்கும் பொறி எத்துணைப் பேதைமை உடையது என்பதற்கு 1996-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சுட்டுவர். இங்கிலாந்தில் ‘சுகந்தார்ப்’ என்னும் ஊரின் ஆங்கில எழுத்துகளுக்குள் ஒரு வசைச்சொல் மறைந்திருந்தமையால், அவ்வூர் மக்கள் தம் ஊர்ப்பெயரைச் சொல்லி ஓர் இணைய நிறுவனத்தில் பதிவுசெய்யவே இயலாது போயிற்று. தமிழுக்கும் இவ்விடர் உண்டு. உடலுறுப்புகளின் பெயர்கள் நம் அகப்பாடல்களிலும் சிலப்பதிகாரத்திலும் இயல்பாக வருவன. தாய்ப்பால் பற்றிய பாடமும் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் அச்சொற்களின்றி அமையா. சொற்பட்டியலால் இயங்கும் வடிகட்டி இளங்கோவடிகளையும் விடலைகளின் கிறுக்கலையும் ஒரே தட்டில் வைக்கும். இதனைப் பிரித்தறிய வல்லவர் தமிழாசிரியரே.

(ஆ) நிருவாகத்தின் தடை: நம் அண்டை மாநிலத்தில் 2019-இல் எழுந்த ‘பஃகீமா சிரின் எதிர் கேரள அரசு’ என்னும் வழக்கு நம் நிறுவனங்கள் யாவும் கற்கவேண்டிய பாடமாகும். கோழிக்கோடு மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், முதலில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைபேசிக்குத் தடை இருந்தது. 2019 சூனில் அது மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என மாற்றப்பட்டது. அதாவது படிக்கும் நேரத்திலேயே கைபேசியை ஒப்படைக்கவேண்டும் என்பதாயிற்று. இதற்கு இணங்க மறுத்த ஆங்கில இளங்கலை மாணவி ஒருவர் விடுதியினின்று நீக்கப்பட்டார். ஆடவர் விடுதியில் இல்லாத தடை மகளிர்க்கு மட்டும் ஏன் என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

கேரள உயர்நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆசா 2019 செப்டம்பர் 19-இல் தீர்ப்பு வழங்கினார். இணையத்தை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைந்தது என்று அவர் கூறினார். ஒழுங்கு காக்க விதி வகுக்கும் அதிகாரம் விடுதிக்கு உண்டு என்பதை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அறிவு பெறும் வழியை அவ்விதி அடைத்துவிடக் கூடாது என்றது. பிறர்க்கு இடையூறு நேராவண்ணம் கைபேசியைப் பயன்படுத்துவது மாணவியரின் பொறுப்பு என்றும் நினைவூட்டியது. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்குமாறு ஆணை பிறந்தது.

இத்தீர்ப்பு வயதுவந்த கல்லூரி மாணவி பற்றியது. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இதனை அப்படியே பொருத்துதல் முறையன்று. உலக நாடுகளும் வயதை நோக்கியே விதி செய்கின்றன. பிரான்சு நாடு 2018-இல் 15 வயது வரையிலான மாணவர் பயிலும் பள்ளிகளில் கைபேசியைச் சட்டத்தால் தடுத்தது. ஆசுத்திரேலியா 16 வயது நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க 2024-இல் சட்டம் இயற்றி, 2025 திசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சமூக ஊடகம் வேறு, பாடத்துக்குரிய இணையம் வேறு என்னும் பாகுபாடு இங்கே இன்றியமையாதது.

(இ) அரசின் தடை: இதற்கு நாம் வெளியூர்ச் சான்று தேடவேண்டியதில்லை. தூத்துக்குடியில் 2018 மே 22-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து, மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை நிறுத்த அரசு ஆணையிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் அந்த மே 23-ஆம் நாளே. மதிப்பெண்ணும் மேல்வகுப்புச் சேர்க்கையும் இணையத்தின் வழியே நடைபெறும் காலத்தில், இத்தகைய நிறுத்தம் கலவரத்தோடு தொடர்பில்லாத மாணவர் வீட்டையும் தொடுகிறது.

காசுமீரில் இது நீண்டது. 2019 ஆகத்தில் அங்கு இணையம் நிறுத்தப்பட்டு, 2020-இன் தொடக்கத்தில் மெதுவான இரண்டாம் தலைமுறை இணைப்பு மட்டும் திரும்பியது. நான்காம் தலைமுறை இணைப்பு முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். இடையில் கொரோனா பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பு நடத்த வழியில்லை என்று அங்குள்ள தனியார் பள்ளிகளின் சங்கமும் உச்சநீதிமன்றம் சென்றது. அதற்கு முன்னரே அனுராதா பாசின் வழக்கில் 2020 சனவரி 10-இல் உச்சநீதிமன்றம் பொதுநெறி ஒன்றை வகுத்திருந்தது. இணைய நிறுத்தம் காலவரையறையின்றி இருத்தல் ஆகாது, நோக்கத்துக்குத் தேவையான அளவை மிஞ்சக் கூடாது, ஆணை வெளியிடப்படவேண்டும், குறித்த காலத்தில் மறுஆய்வு செய்யப்படவேண்டும் என்பன அந்நெறியின் சாரம்.

4. இழப்பவர் யார்?

தடையின் பாரம் எல்லாப் பிள்ளைகள்மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. பள்ளியில் மூடிய பக்கத்தை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் வீட்டில் திறந்துகொள்ளும். புன்னக்காயல் போன்ற கடற்கரையூர்களில் வீட்டுக்கு ஒரு கைபேசி இருந்து, அதுவும் தந்தையோடு கடலுக்குப் போய்விடுமானால், அப்பிள்ளைக்குப் பள்ளி இணைப்பே ஒரே இணைப்பு. பள்ளி தன் கதவை அடைத்தால் அதற்கு வேறு கதவு இல்லை.

அப்பிள்ளை பெண்ணாயின் நிலை இன்னும் இடர்ப்பாடு உடையது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆடவருள் 57 விழுக்காட்டினர் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். மகளிருள் அவ்வாறு பயன்படுத்தியோர் 33 விழுக்காட்டினரே. ஒரே கைபேசி உள்ள வீட்டில் அண்ணன் கைக்கு அது முதலில் போகும். தங்கையின் முறை வரும்போது மின்னேற்றம் தீர்ந்திருக்கும். பள்ளியிலும் விடுதியிலும் “பெண்பிள்ளைகளின் நன்மைக்காக” என்று இடப்படும் தடை, ஏற்கெனவே குறைந்துள்ள பங்கை மேலும் குறைக்கிறது. மகளிர் கல்விக்காகப் பள்ளியும் கல்லூரியும் எழுப்பிய நம் சமுதாயம் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கட்டடம் எழுப்பிக் கொடுத்துவிட்டு நூலகத்தைப் பூட்டிவைத்தால் அக்கொடையின் பயன் குறையும்.

இதனால் பெற்றோரின் அச்சம் பொய் என்று கூறுவதற்கில்லை. சூதாட்டச் செயலிகள், அச்சுறுத்திப் பணம் பறிப்போர், சிறாரைக் கெடுக்கும் படங்கள் எனக் கேடுகள் பல. சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களைப் பரப்புவதும் வைத்திருப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். இணையக் குற்றங்களை 1930 என்னும் எண்ணிலும், சிறார்க்கு நேரும் இடர்களை 1098 என்னும் எண்ணிலும் தெரிவிக்கலாம். சிறு வகுப்புகளுக்கு வடிகட்டி தேவை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. தவறு நேர்ந்தால் கைபேசியே பறிக்கப்படும் என்று அஞ்சும் பெண்பிள்ளை, அச்சுறுத்தலுக்கு ஆளானபோது வீட்டிலும் சொல்லாள், பள்ளியிலும் சொல்லாள். அச்சுறுத்துவோனுக்கு அந்த மௌனமே வலிமையாகிறது.

5. நேரிய தடையின் இலக்கணம்

மேற்கண்ட தீர்ப்புகளையும் ஆய்வுகளையும் கொண்டு, பள்ளி நிருவாகம் பின்பற்றத்தக்க ஐந்து நெறிகளைத் தொகுக்கலாம்.

ஒன்று, காரணம். எந்தக் கேட்டைத் தடுக்க இத்தடை என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டு, அளவு. ஆறாம் வகுப்புக்குரிய தடை பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆகாது. மாணவர்க்குரிய தடை ஆசிரியர்க்கு ஆகாது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் விதி ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மூன்று, அறிவிப்பு. விதி அறிவிப்புப் பலகையில் தமிழில் இருக்கட்டும். தெரியாத விதியைப் பின்பற்றுவது எங்ஙனம்?

நான்கு, திறவுகோல். பாடத்துக்கு வேண்டிய பக்கம் அடைபட்டிருந்தால், பொறுப்பாசிரியர் அன்றைக்கே அதனைத் திறக்க வழி வேண்டும். விண்ணப்பம் எழுதி, ஒப்பம் வாங்கி, தொழில்நுட்பரை அழைத்துவரும் வேளையில் பாடவேளை முடிந்துவிடும். அடுத்த முறை அவ்வாசிரியர் இணையத்தையே நாடமாட்டார்.

ஐந்து, மறுஆய்வு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியர், பெற்றோர், மூத்த மாணவர் கூடி விதியை ஆராய்தல் வேண்டும்.

6. ஆசிரியர் கடமை

திறவுகோலைக் கேட்கும் ஆசிரியர் அதற்குத் தகுதியுடையவராதலும் வேண்டும். நன்னூலார் ஆசிரியர் ஆகாதவர்க்குக் கூறும் உவமைகளுள் ஒன்று கழற்பெய் குடம். கழற்சிக்காய்களை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. முன்கூட்டிப் பாராமல், ஒழுங்குபடுத்தாமல், கிடைத்த காட்சிகளையெல்லாம் திரையில் கொட்டும் ஆசிரியர்க்கு இவ்வுவமை நன்கு பொருந்தும். ஆகவே காட்டப்போகும் பக்கத்தை முதல்நாளே முழுவதும் பார்த்தல் முதற்கடமை. பாடத்துக்கு வேண்டியது ஐந்து நிமிடக் காட்சியானால், ஐந்து நிமிடமே காட்டி நிறுத்துதல் வேண்டும். இணைப்பு இல்லாத நாளுக்கென அச்சுப்படி ஒன்றும் கையில் இருத்தல் நலம்.

இரண்டாவது கடமை மூலத்தை ஒப்பிடுதல். இணையத்தில் காணும் செய்யுளில் எழுத்துப்பிழையும் பாடவேறுபாடும் மலிந்துள்ளன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல ஏடுகளை ஒப்பிட்டே ஒரு பாடத்தை உறுதி செய்தார். நபிமொழித் தொகுப்பாளர்களும், சொன்னவர் யார், அவரிடம் கேட்டவர் யார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே ஒரு செய்தியை ஏற்றனர். இவ்விரு மரபுகளுக்கும் உரியவர் நாம். “இணையத்தில் இருக்கிறது” என்பதையே சான்றாகக் கொள்ளும் பழக்கத்தை மாணவரிடமிருந்து நீக்க இவற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலான செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத பாடலைப் புனைந்து சங்கப் புலவர் பெயரை இட்டுத் தரக்கூடியவை. அத்தகைய விடையொன்றை வகுப்பில் வைத்து, அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பிழை காணச் சொல்லுதல் நல்ல பயிற்சியாகும்.

மூன்றாவது கடமை மாணவரின் தகவலைக் காத்தல். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என வகுத்துள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டாயினும், அதன் உட்கருத்து ஆசிரியரைக் கட்டுப்படுத்தவே செய்யும். மாணவியரின் ஒளிப்படத்தையும் கைபேசி எண்ணையும் மதிப்பெண்ணையும் வாட்சப் குழுவில் இடுதல் தகாது.

நான்காவது கடமை நேரத்தை அறிதல். கொரோனா காலத்தில், 2020 சூலையில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டி, மழலையர்க்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மிகாமலும், எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிட அளவில் இரண்டு வகுப்புகளும், மேல்வகுப்புகளுக்கு அவ்வளவில் நான்கு வகுப்புகளும் போதும் என்றது. அக்காலம் கடந்துவிட்டாலும் அளவறிதல் என்னும் அறிவுரை நிலைத்து நிற்கிறது.

ஐந்தாவது கடமை, பிரித்தறியும் பயிற்சி அளித்தல். இதுவே தலையாயது. நீர் கலவாத பாலையே பன்னிரண்டு ஆண்டுகள் ஊட்டி வளர்த்த அன்னம், கல்லூரி வாயிலில் கலந்த பாலை முதன்முதலாகக் காணும்போது என்செய்யும்? ஆசிரியர் அருகிலிருக்கும்போதே அதற்குக் கலந்த பாலைக் காட்டுதல் வேண்டும். ஒரு செய்தியை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதனை விற்க எழுதினார், வேறெங்கு அது உறுதியாகிறது என்னும் நான்கு வினாக்களை எட்டாம் வகுப்பு மாணவரும் கேட்கப் பழகலாம்.

முடிவுரை

யுனெசுகோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, பள்ளிகளில் திறன்பேசியைத் தடைசெய்த நாடுகள் நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்கிட்டது. தொழில்நுட்பம் கற்றலுக்குத் துணையாகும் இடத்தில் மட்டும் அதனைப் பயன்படுத்துக என்றும், அது ஆசிரியருக்கு மாற்றாகாது என்றும் அவ்வறிக்கை வலியுறுத்தியது. இக்கட்டுரை கண்ட முடிவும் அதனோடு இயைவதே.

சிறாரைக் காக்கும் வடிகட்டி பள்ளி வாயிலில் இருக்கட்டும். அதன் அளவும் காரணமும் வெளிப்படையாக இருக்கட்டும். அதன் திறவுகோல் பாடம் நடத்தும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். மகளிர்க்கென்று தனிப்பூட்டு வேண்டா. நிருவாகப் பெரியோர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய கணிப்பொறிகள் வாங்கப் பொருள் ஒதுக்குகின்றனர். அவ்வொதுக்கீட்டில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கு வழங்குவார்களாயின், வாங்கிய பொறிகள் பூட்டிய அறைக்குள் தூசு படியாமல் வகுப்பறைக்கு வரும். மாணவச் செல்வங்களும் தமக்குக் கிடைத்த இணைப்பை வழங்கியவர் நம்பிக்கைக்கு உரியவாறு பயன்படுத்துதல் வேண்டும். வடிகட்டி செய்யும் வேலையைத் தம் அறிவே செய்யும் அளவுக்கு ஒரு மாணவரை ஆக்கி அனுப்பும் நாளில், நன்னூலார் கூறிய முதல் மாணாக்கரை நம் பள்ளி உருவாக்கிவிட்டது என்று கொள்ளலாம்.